மெழுகுக்கு அந்தப் பக்கம்

எங்கள் தூத்துக்குடியில் காற்றிலும் உப்பு, கதவுத் தாழ்ப்பாளிலும் உப்பு, துவைத்துக் காயப்போட்ட சட்டைக் காலரிலும் உப்பு, அதனால் கார் வாங்குகிறவன் எவனாக இருந்தாலும் வாங்கின ஆறாம் மாதம் பம்பரைத் தடவிப் பார்த்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் பாலிஷ் கடைக்கு வந்தே தீருவான் என்பதை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவருகிறேன். வருகிறவனிடம் நான் முதலில் கேட்பது கார் என்ன நிறம் என்பதுதான். கறுப்பு என்றால் மெழுகு போடு, ஆழமாக மின்னும், நாலு பேர் நின்று பார்ப்பார்கள் என்பேன். வெள்ளி மினுமினுப்பு என்றால் மெழுகை அதில் கொண்டுபோய் வீணாக்காதே, அது இந்த ஊர்க் காற்றுக்கு இரண்டு மாதம்கூடத் தாங்காது, சீலன்ட் என்கிற ரசாயனப் பூச்சைப் போடு, ஒரு வருஷம் நிற்கும் என்பேன். வெள்ளிக் காரில் அழுக்கும் தெரியாது, கீறலும் தெரியாது, குனிந்து பார்த்தால் முகமும் தெரியாது, ஒரு கலங்கல் மட்டும் அசையும். தொழில் தெரிந்த எவனும் இதை மறுக்கமாட்டான். ஆகவே கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் ஜெனோவா வந்து, "அண்ணே, வெள்ளிக் காருக்கு எதைப் போட்டா ரொம்ப நாள் நிக்கும்?" என்று கேட்டபோது நான் தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொன்னேன்.

"சீலன்ட் போடு. ஒரு வருசம் கவலை கெடயாது."

"ஒரு வருசந்தானா?"

"செராமிக் கோட்டிங்னு ஒண்ணு இருக்கு. அது அஞ்சு வருசம்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல இந்த ஊர்ல காரே நிக்காதும்மா."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப ஒரு எட்டு வந்து பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே. எங்க வீட்டுக்காரவுக அதுலதான் இருக்காக. அழிஞ்சிரக் கூடாது," என்றாள்.

ஜெனோவா சங்குக்குளித் தெருவில் இருப்பவள், தண்டல் கஸ்பாரின் மனைவி. வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருகிற மரத்தோணிகளில் தண்டல்தான் தலைவன், அவன் சொன்னால்தான் நங்கூரம் ஏறும், அவன் சொன்னால்தான் இறங்கும். அக்டோபர் கடைசியில் ஆறு ஆட்களோடு புறப்பட்ட கஸ்பாரின் தோணி நவம்பர் புயலுக்குப் பிறகு எந்தத் துறைமுகத்திலும் சேரவில்லை. கப்பலில் தேடினார்கள், விமானத்தில் தேடினார்கள், ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. கஸ்பார் எனக்கு நல்ல சிநேகிதன். புறப்படுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு என் கடைக்கு வந்து, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், தன் வெள்ளிக் காருக்கு ஒரு டப்பா மெழுகு வாங்கிப்போனவன். "சீலன்டப் போட்டுட்டா வருசத்துக்கு ஒருவாட்டிதான் வேலை. அப்புறம் எனக்கும் காருக்கும் என்னல பேச்சு?" என்று கேட்டான், கிறுக்குப் பயல்.

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். வீட்டு வாசலில் உறை போட்டு மூடியிருந்த காரை ஜெனோவா தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை எழுப்பாமல் போர்வை விலக்குவது போல விலக்கினாள். டிரைவர் பக்கத்துக் கதவில் கஸ்பார் இருந்தான். கைலி, பனியன், கையில் மஞ்சள் துணி, ஒரு மாதத் தாடி, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு குனிந்து வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், தெருவில் ஒரு ஆட்டைத் தவிர யாருமில்லை. கதவைத் தொட்டேன், பகல் பன்னிரண்டு மணி வெயிலில் நின்ற தகரம் ஐஸ் பெட்டி மாதிரி சில்லென்றிருந்தது. உள்ளதைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மினுமினுப்பு பெயின்டில் வட்டமாகத் தேய்க்காதே, நேராக இழு என்று அவனிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கும் சொன்னேன். அவன் காதில் விழவில்லை, பானெட்டுக்கு நடந்து போய் அங்கே தேய்க்க ஆரம்பித்தான்.

"முந்தாநாள் உறையைத் தட்டிப் போடலாம்னு எடுத்தேன். அப்ப இருந்து பாக்கேன்," என்றாள் ஜெனோவா. "தாடி வளருதுண்ணே. முந்தாநாள் இவ்வளவு இல்ல. செத்தவுகளுக்குத் தாடி வளருமா? எங்கயோ ஒரு தீவுல உசுரோட இருக்காக. இது அழியாம இருக்க மட்டும் அவுகளும் இருப்பாக. நீங்கதான் எதாவது செய்யணும்."

செய்வதற்கு ஒரு சிக்கல் இருந்தது. சீலன்டோ கோட்டிங்கோ வெறும் பெயின்டின் மேல்தான் பிடிக்கும், மெழுகின் மேல் பூசினால் உட்காராது, இரண்டே மழையில் உரிந்து வந்துவிடும். கஸ்பார் கடைசியாகப் பூசிவிட்டுப்போன மெழுகை முழுக்கக் கழுவி எடுத்தால்தான் நீடித்து நிற்கிற எதையும் போட முடியும், கழுவி எடுத்தால் அதோடு அவனும் போய்விட்டால் என்ன செய்வது. மெழுகின் மேல் மெழுகு மட்டும் பூசலாம். அதைத்தான் அன்றைக்குச் செய்தேன். என் கை கதவின் மேல் போகப்போக கஸ்பார் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டான். "பாருங்க, களைப்பாறுதாக," என்று ஜெனோவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது.

தெரு ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. முதல் நாள் கூட்டம் கூடியது, இரண்டாம் நாள் பயந்தார்கள், மூன்றாம் நாள் மீன்காரி கூடையைக் கதவுக்கு நேராக இறக்கி "தண்டலே, நல்ல சீலா வந்திருக்கு" என்று காட்டிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனாள். ஸ்கூட்டரில் போகிறவர்கள் கையைத் தூக்கிவிட்டுப் போனார்கள். ஞாயிறு பூசை முடிந்து வருகிற ஆண்கள் அவன் உடம்போடு நின்றால் எப்படிப் பேசுவார்களோ அப்படியே காரைச் சுற்றி நின்று வலை விலையும் தேர்தலும் பேசினார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு யாரோ அன்பு மிகுந்து கேக் தட்டைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டார்கள், வெண்ணெய்க் கறை பெயின்டில் ஏறினால் யார் எடுப்பது என்று நான் போட்ட சத்தம் பீச் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். முடிவெட்டுகிற சவரிராயன் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து அரைமணி நேரம் பார்த்து, நாற்பது நாள் தாடி, உயிருள்ள தாடி, எழுதியே தருவேன் என்றான். காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆபீஸிலிருந்து வந்தவர் கதவின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெயர், தகப்பனார் பெயர், கடைசியாகப் புறப்பட்ட தேதி எல்லாம் கேட்டுவிட்டு, "விசாரிக்கப்பட்டவர் நேரில் இருந்தும் பதில் கூறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி தீர்த்தம் தெளித்தபோது எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். நான் மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் காரின் கூரையில் விழுந்த துளிகள் உருண்டையாக நின்றன, பானெட்டில் விழுந்தவை பரந்து வழிந்தன. மெழுகு இருக்கிற இடத்தில்தான் தண்ணீர் உருண்டு நிற்கும். பூசி ஒன்பது நாள்கூட ஆகவில்லை.

மெழுகு போன இடத்தில் கஸ்பார் தெரியவில்லை. அதனால் மறுபடி பூசினேன். பத்து நாளைக்கு ஒரு கோட்டு என்று கணக்காகிவிட்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் அவன் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் பின்னால் போய், உட்கார்ந்துகொள்வான், நாலைந்து நாளில் எழுந்து கிட்டே வந்து மறுபடி தேய்க்க ஆரம்பிப்பான். ஒன்றைப் பற்றி மட்டும் தெருவில் யாரும் பேசவில்லை. மத்தியானம் சாப்பாடு முடிந்து தெரு அடங்குகிற நேரத்தில் அந்தக் காரிலிருந்து கீச், கீச் என்று ஒரு சின்னச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. வீடுகளில் டிவியைக் கூட்டி வைத்தார்கள். வெயிலுக்குக் காரின் அடியில் குளிர்ச்சியாகப் படுத்துக் கிடந்த நாய்கள் ஜனவரிக்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. எனக்கும் அந்தத் தெருவில் ஏறும்போதெல்லாம் முதுகு கூசியது, ஆனாலும் சிநேகிதனாயிற்றே என்று போய்க்கொண்டிருந்தேன்.

ஜனவரி முதல் வெள்ளிக்கிழமை மற்ற ஆறு பேரின் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் மிக்கேலம்மாள், உப்பளத்தில் வேலை செய்து உள்ளங்கை வெடித்தவள், அவளுடைய ஒரே மகன் ரொசாரிதான் தோணியில் இளையவன், இருபத்துநாலு வயது. அவள் ஒரு அட்டையில் ஆறு பெயர்களையும் பெரிதாக எழுதிக் கொண்டுவந்து கதவுக்கு நேராகப் பிடித்தாள். கஸ்பார் தேய்ப்பதை நிறுத்தினான். ஒவ்வொரு பெயராகப் படித்தான், படிப்பது கண் அசைவிலேயே தெரிந்தது. பிறகு தலையைத் திருப்பித் தனக்குப் பின்னால் நெடுநேரம் பார்த்தான். அவனுக்குப் பின்னால் எங்களுக்குத் தெரிந்தது ஒரு மங்கல்தான், தண்ணீர் கலங்கினாற்போல, ஆள் நின்றாற்போலவும் இல்லாதாற்போலவும். அவன் எங்கள் பக்கம் திரும்பி முன்னைவிட வேகமாகத் தேய்க்கத் தொடங்கினான்.

"பின்னாலதான் நிக்கானுவ," என்றாள் மிக்கேலம்மாள், பிறகு என் பக்கம் திரும்பினாள். "தண்டல்கூட இருக்கானுவ. ஏ பொன்சீலா, இந்தக் காருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஏழு வீடு எழவு வீடு. தெரிஞ்சுக்கோ."

அன்றிலிருந்து ஏழு பெண்களும் முறை வைத்துக் காரைக் காத்தார்கள். காக்கை எச்சம் போடாமல் ஒருத்தி, வெயில் ஏறினால் உறை மூட ஒருத்தி, யாரும் சாய்ந்துவிடாமல் பார்க்க ஒருத்தி. வீட்டில் அவர்கள் பொட்டு அழிக்கவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை, போனவர்களுக்கும் தட்டில் சோறு எடுத்து வைத்தார்கள். ஆனால் தவக்காலம் தொடங்குவதற்குள் கஸ்பார் நூலாகிவிட்டான். பனியன் தொங்கியது, தாடி நெஞ்சுவரை இறங்கியது, முன்பு ஐந்து நாளில் எழுந்தவன் எட்டு நாள், ஒன்பது நாள் உட்கார்ந்தே கிடந்தான். சாம்பல் புதன் கழிந்த மறுநாள் ஏழு பேரும் என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"இந்த மெழுகு சரிப்படாதுண்ணே," என்றாள் ஜெனோவா. "பத்து நாளைக்கு ஒருவாட்டி அழிஞ்சு அழிஞ்சு அவுக கரையுதாக. அந்த அஞ்சு வருசத்துதப் போட்டு ஒரேயடியா நிப்பாட்டிருங்க."

"அத வெறும் பெயின்டுலதான் போடணும். பழச எல்லாம் எடுக்கணும்."

"அவுகள எடுக்காம பழச எடுக்க வழி இருக்கா?"

"தெரியல," என்றேன். "ஒரு ஓரத்துல உள்ளங்கை அகலம் எடுத்துப் பாக்கேன். அங்க என்ன ஆகுதுன்னு தெரிஞ்ச பெறகு சொல்லுதேன்."

மறுநாள் மத்தியானம் போனேன். அன்றைக்குக் காவல் ஜெனோவா முறை, அவள் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள், தெருவில் ஆளில்லை. கதவின் கைப்பிடிக்குக் கீழே ஓர் ஓரத்தில் பாத்திரம் கழுவுகிற சோப்பு போட்டு வெந்நீரால் துடைத்து, ஒட்டின அழுக்கை உருவி எடுக்கிற க்ளே கட்டியால் இழைத்து, ஸ்பிரிட் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். உட்கார்ந்திருந்த கஸ்பார் எழுந்தான். தள்ளாடி நடந்து வந்து அந்த ஓரத்துக்கு அந்தப் பக்கம் முழங்காலிட்டான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். பிறகு மஞ்சள் துணியை எடுத்து, நான் துடைத்த அதே இடத்தை ஒட்டி, உடம்பின் பாரம் முழுவதையும் தோளில் கொடுத்து அழுத்தித் தேய்த்தான். கீச், கீச் என்றது. நாலு இழுப்புக்குத் துணியைத் திருப்பினான். மறுபடி நாலு இழுப்பு, மறுபடி திருப்பினான்.

மெழுகு பூசுகிற கை வேறு, துடைக்கிற கை வேறு. பூசும்போது துணியைச் சின்னதாக மடித்து, விரல் நுனியால், பட்டும் படாமலும் போவோம், சத்தமே வராது. துடைத்து எடுக்கும்போதுதான் துணியை விரித்து, தோளைக் கொடுத்து, அழுக்கான பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேய்ப்போம், மெழுகு போய் வெறும் பெயின்டைத் தொட்டால்தான் துணி கீச்சென்று சத்தம் போடும். இது என் கடையில் முதல் நாள் வேலைக்குச் சேருகிறவனுக்கே தெரியும். இருபத்திரண்டு வருஷம் இதையே தின்று இதையே குடித்த நான், அவன் வட்டமாகத் தேய்க்கிறானா நேராகத் தேய்க்கிறானா என்று குற்றம் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவன் துணியைத் திருப்புகிறான் என்பதைப் பார்க்கவில்லை. அவன் பூசவில்லை. தானே பூசிவிட்டுப் போன மெழுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிறிஸ்துமஸிலிருந்து அதைத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தான், அவன் ஒரு இடத்தைத் துடைத்து முடிக்க முடிக்க நான் வெளியிலிருந்து ஒன்றல்ல இரண்டல்ல ஏழு கோட்டுப் பூசி அடைத்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜெனோவாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள், போய் மற்ற ஆறு பேரையும் கூட்டிவந்தாள். அவர்களிடமும் சொன்னேன். மிக்கேலம்மாள் கதவை மறைத்துக்கொண்டு கையை அகட்டி நின்றாள்.

"தொட்டேன்னா கைய ஒடிச்சிருவேன். அதத் தொறந்துட்டா அவுக எங்க வருவாக? உன் கடைக்கா வருவாக? போயிருவானுவ. என் புள்ள போயிருவான்."

"போவாகளா வருவாகளா எனக்குத் தெரியாதுக்கா. உள்ள இருக்கதுக்கு அவன் சம்மதிக்கல. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

"நீ என்னத்தக் கண்ட?"

"நான் சொல்ல வேண்டாம். நீங்க அவன் கையப் பாருங்க. உப்பு வாருற கைக்கும் கொட்டுற கைக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்லா? அப்படிப் பாருங்க."

அவள் திரும்பிக் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கஸ்பார் தேய்த்துக்கொண்டிருந்தான். நாலு இழுப்பு, துணியைத் திருப்பினான். நாலு இழுப்பு, திருப்பினான். வெயில் எங்கள் எல்லோர் தலையிலும் இறங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது, கடைசியில் தன் வெடித்த உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்தாள், வைத்த கையை எடுக்காமலே, "ரத்தம் கட்டியிருக்குடி ஜெனோவா, தண்டல் கையில ரத்தம் கட்டியிருக்கு," என்றாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "உன் புருசன். நீ சொல்லு," என்றாள்.

ஜெனோவா என்னைப் பார்த்து, "என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு வாளி வெந்நீ. பாத்திரச் சோப்பு. பழைய பருத்தித் துணி எவ்வளவு இருக்கோ அவ்வளவும்."

கூரையில் தொடங்கினோம். ஏழு பெண்களும் நானும் துடைத்தோம், ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. கூரை முடிந்தது, டிக்கி முடிந்தது, பானெட் முடிந்தது, தண்ணீர் எங்கும் உருளாமல் ஒரே பாயாக வழிந்து இறங்கியது, இறங்கிய தண்ணீரில் கடல் வாடை அடித்தது. எடுக்க எடுக்கக் கஸ்பார் தெளிந்தான், ஒவ்வொரு கோட்டாகப் போகப்போகக் கிட்டே வந்தான், கடைசியில் டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் மிஞ்சியபோது அவன் முகம் எங்களுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. அப்போதுதான் நாங்கள் இரண்டு மாதமாகத் தாடி என்று சொல்லிக்கொண்டிருந்தது முடி அல்ல என்று தெரிந்தது. பச்சையாக, ஈரமாக, மெல்ல மெல்ல ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. பாசி. சவரிராயன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெனோவா அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் இனி ஒரு தடவை கேட்க விரும்பவில்லை. அவ்வளவையும் பார்த்த பிறகும் அவள் துணியை நனைத்துப் பிழிந்தாள்.

அவள் இந்தப் பக்கமும் அவன் அந்தப் பக்கமுமாக ஒரே இடத்தைத் தேய்த்தார்கள். அவள் கை போன வழியே அவன் கை போனது. கதவில் மெழுகு சுருங்கிக்கொண்டே வந்து ஒரு தாம்பாளம் அளவு ஆனது, ஒரு தட்டு அளவு ஆனது, உள்ளங்கை அளவு ஆனபோது அதன் ஓரத்தில் ஒரு மயிரிழை வெளிச்சம் விட்டது. கஸ்பார் துணியைக் கீழே போட்டான். போட்டுவிட்டு வெளிச்சத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"ஏன் நிக்காக? ஏன் அவுக வரல?" என்றாள் ஜெனோவா.

"தண்டல் எங்கடி முதல்ல எறங்குவான்?" என்றாள் மிக்கேலம்மாள். "ஆளுவள எல்லாம் எறக்கிட்டுத்தான எறங்குவான்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கஸ்பாருக்குப் பின்னால் இருந்த மங்கலிலிருந்து ரொசாரி வந்தான். விரல் நீளத்துக்குத்தான் தெரிந்தான், ஆனால் ரொசாரிதான், கோடு போட்ட சட்டை, ஒரு பக்கமாகச் சாய்த்து நடக்கிற நடை. கஸ்பார் அவன் தோளில் தட்டினான். ரொசாரி அந்த வெளிச்சத்தைத் தாண்டினான், தாண்டின பிறகு எந்தப் பக்கத்திலும் இல்லை. மிக்கேலம்மாள் "ஏ ராசா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அடுத்தவன் வந்தான், அவனுக்கும் தோளில் தட்டு, அவனும் தாண்டினான். ஜெனோவா ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து வழி செய்துகொண்டே இருந்தாள், ஒவ்வொருவரும் தாண்டும்போது சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது ஆள் வயதானவர், படியேற முடியாதவர், கஸ்பார் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றிவிட்டான். ஆறு பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள். நின்றவள் ஜெனோவா ஒருத்திதான்.

இப்போது மெழுகு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மிஞ்சியிருந்தது, அதற்குள் கஸ்பாரின் கண்ணும் கன்னத்தில் பாதியும் இருந்தன. அவன் போகவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நாணயத்தை அப்படியே விட்டு, சுற்றிலும் கோட்டிங் பூசிவிட்டால் அது ஐந்து வருஷம் அசையாது, மழைக்கும் அசையாது, உப்புக்கும் அசையாது, அவள் தினமும் அந்தக் கண்ணைப் பார்க்கலாம். எனக்கு அது தெரியும், அவளுக்கும் அது தெரியும், ஏனென்றால் அவள் திரும்பி என்னைப் பார்த்து, "இத மட்டும் விட்டா நிக்குமாண்ணே?" என்று கேட்டாள்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். "நிக்கும்," என்றேன். "ரொம்ப நாள் நிக்கும்."

ஜெனோவா கதவுக்கு நேராகக் குனிந்தாள். தரையில் உட்கார்ந்திருந்த ஆறு பேரும் அவளைத்தான் பார்த்தார்கள், அவனைப் போகவிடு என்றோ வைத்துக்கொள் என்றோ ஒருத்தியும் சொல்லவில்லை. அவள் அந்தக் கண்ணோடு கண் வைத்து நெடுநேரம் நின்றாள். கடலுக்குப் புறப்படுகிறவரை வாசலில் நின்று வழியனுப்பும்போது எங்கள் ஊரில் எவளும் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வாள், அவளும் இருபது வருஷமாக அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

"போங்க," என்றாள், துடைத்தாள்.